பீலித் தண்ணீரும் என்னிடமிருந்து போன பதினாறு மாதமும்

2021 ஓகஸ்டிலிருந்து 2022 நவம்பர் வரை, மாத்தளைப் பக்கம் ஒரு டொலமைட் குவாரியில் நிலத்தடி நீரை மாதாமாதம் அளந்து அறிக்கை கொடுக்கிற வேலையைத் தனியாளாகச் செய்தேன். முடிவில் கணக்குப் பார்த்தால் என் கையிலிருந்து போனது மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கடைசி இரண்டு பில்லுக்கும் காசு வரவேயில்லை. காசு போனதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொள்ளலாம். நான் எழுதிய எண்களில் பாதிக்கு மேல் யாருக்கும் உதவாமல் போனதையும், ஒரு லயத்துச் சனம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு மக்கள்) சொன்ன உண்மையை என்னுடைய அறிக்கையே பொய்யாக்கியதையும்தான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. மலையகத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது சுற்றாடல் விஞ்ஞானமும் புவிச்சரிதவியலும் படித்துவிட்டு இப்படிப்பட்ட ஒப்பந்த வேலைகளுக்குப் போகிறார்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் குழப்பம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு மலைமுதுகு. அதன் ஒரு பக்கச் சரிவில் குவாரிக் குழி. மறுபக்கம் இறங்கினால் பழைய தோட்டம், கீழே லயம், லயத்துக்குப் பக்கத்தில் பாறையிடுக்கிலிருந்து வருகிற ஊற்றுக்குக் குழாய் வைத்துக் கட்டிய பீலி. முப்பது குடும்பத்துக்குக் குடிக்க, குளிக்க எல்லாம் அந்தப் பீலிதான். நான் போவதற்கு முன்பே கம்பனி மூன்று குழாய்க்கிணறு அடித்து வைத்திருந்தது. ஒன்றாம் நம்பர் மலைமுதுகின் மேலே, தேயிலைக்குள். இரண்டும் மூன்றும் குவாரிக்குக் கீழே, பீலி இல்லாத பக்கம். மேலே இருப்பது குவாரி தொடாத சுத்தமான நீர், கீழே இருப்பது குவாரியைத் தாண்டி வருகிற நீர், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குவாரியின் பாதிப்பு என்று கோப்பில் எழுதியிருந்தது. படத்தில் அழகாக அம்புக்குறி வேறு போட்டிருந்தார்கள். நானும் நம்பினேன். பீலி 'பாதிப்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு வரியில் முடிந்துவிட்டது. வருடத்துக்கு மூன்று தடவை மாதிரி எடுத்தால் போதும் என்று இருந்தது.

வேலையை ஏற்கும்போதே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: வெடி வைக்கத் தொடங்குவதற்கு முன்னால் அளந்த எண்கள் எங்கே? அப்படி எதுவும் இல்லை. குவாரி ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்ப நிலை தெரியாமல் பிறகு அளப்பது, நோய் வந்த பிறகு முதல் தடவையாக நிறை பார்க்கிற மாதிரி. மாத்தளை மண்ணுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் டொலமைட்டும் சலவைக்கல்லும் இருக்கிற இடத்தில் தண்ணீர் இயற்கையிலேயே கடினமானது. லயத்தில் எந்த வீட்டுக் கேத்தலைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை கட்டியிருக்கும், கரண்டியால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும். அது குவாரி வருவதற்கு முன்பே இருந்த படை. ஆகவே கடினத்தன்மை இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 சொல்கிற லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது என்று காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. நீங்கள் இப்படி ஒரு வேலைக்குப் போனால், வெடி தொடங்குவதற்கு முன்னால் குறைந்தது ஒரு முழு வருட அளவீடு இருக்கிறதா என்று கேளுங்கள், இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் வெயில் மாதமும் அதில் அடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால், குவாரி தொடவே முடியாத தூரத்தில், அதே பாறையில் வருகிற ஒரு காட்டு ஊற்றையாவது பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் அதைச் சேர்த்தது ஒன்பதாவது மாதம், சொந்தக் காசில்.

மாதிரி எடுத்த விதத்திலும் ஆரம்பத்தில் பெரிய பிழை விட்டேன். கிணற்றுக் குழாய்க்குள் மாதக்கணக்கில் நின்ற தண்ணீர் பாறைக்குள் இருக்கிற தண்ணீர் அல்ல. பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, புதிதாக ஊறி வருவதைத்தான் போத்தலில் பிடிக்க வேண்டும். நாலு அங்குலக் குழாயில் ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 8 லீற்றர் தண்ணீர் நிற்கும். ஒன்றாம் நம்பர் கிணற்றில் 20 மீற்றர் தண்ணீர், அதாவது 160 லீற்றர். வழக்கமாகச் சொல்கிற மூன்று மடங்கு என்றால் 480 லீற்றர். என்னிடம் இருந்ததோ கயிற்றில் கட்டிய ஒரு லீற்றர் பெயிலர், அதாவது தண்ணீர் அள்ளுகிற குழாய். தண்ணீர் மட்டம் 47 மீற்றர் கீழே. பத்துத் தடவை இழுப்பதற்குள் உள்ளங்கை பொத்துவிடும். பத்தோடு நிறுத்திவிட்டு, சரி போதும் என்று போத்தலை நிரப்பினேன். முதல் ஐந்து மாத எண்கள் அப்படி எடுத்தவை, இன்று அவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன், எதற்கும் பயன்படுத்துவதில்லை. நீரில் மூழ்கும் சின்னப் பம்பும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுக்கிற செலவை முதல் விலைமனுவிலேயே போடுங்கள். இறைக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒரு தடவை பிஎச், மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), வெப்பநிலை மூன்றையும் எழுதுங்கள். அடுத்தடுத்து மூன்று தடவை எண்கள் அசையாமல் நின்றால்தான் போத்தலைத் திறக்க வேண்டும்.

அப்புறம் 2022 வந்தது. அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, மாத்தளை டவுனில் ஐஸ் விற்கிற கடையிலேயே ஐஸ் இல்லை. மீன் வாங்கி வந்த ரிஜிபோம் பெட்டியைக் கழுவி, கிடைத்த ஐஸை உடைத்துப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு அக்குறணை வழியாகக் கண்டிக்குப் பஸ்ஸில் போவேன், ஆய்வுகூடம் போய்ச் சேரும்போது பெட்டிக்குள் வெறும் தண்ணீர்தான் ஆடும். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர்ந்தவர்களுக்கு எரிபொருளே இல்லை என்று ஆனபோது, எடுத்த மாதிரி நாலு நாள் என் அறையில் கிடந்தது. சூட்டில் கிடந்தால் மாறிவிடுகிற அதன் நைத்திரேற்று எண்ணை நான் அறிக்கையில் எழுதியிருக்கவே கூடாது. எழுதினேன். ஒரு மாதம் வெற்றிடமாக விட்டால் கம்பனி பில்லை வெட்டும் என்ற பயம். வெற்றிடமாக விட்டு, காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுதிய வெற்றிடத்தை யாரும் பிழை என்று சொல்ல முடியாது, கெட்டுப்போன ஒரு எண்ணை வைத்து மற்ற எல்லா எண்ணையும் பிழை என்று சொல்லிவிடுவார்கள். பிஎச்சையும் காரத்தன்மையையும் கிணற்றடியிலேயே அளந்துவிட வேண்டும் என்பதும் அந்த மாதங்களில்தான் புரிந்தது. நிலத்துக்கடியில் இருந்து வருகிற நீரில் கரைந்திருக்கிற காபனீரொட்சைட்டு வெளியே வந்ததும் பறந்துவிடும், பிஎச் ஏறும், சுண்ணாம்பு போத்தலின் சுவரில் படியும். ஒரே தண்ணீர் கிணற்றடியில் 6.9, கண்டியில் 7.8.

இனி சொல்லப் போவதுதான் எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 2021 ஒக்டோபர் மழையில் பீலியில் மாதிரி எடுத்தேன். தண்ணீர் கலங்கியிருந்தது. உலோகம் பார்க்கிற போத்தலில் நைத்திரிக் அமிலம் ஏற்கனவே ஊற்றியிருந்தது, வடிகட்டாமல் அப்படியே பிடித்தேன். வந்த பதில்: இரும்பு லீற்றருக்கு 4.6 மில்லிகிராம். குடிநீருக்கு எல்லை 0.3. எனக்குக் கை நடுங்கியது. அன்று மாலையே லயத்துக்குப் போய், பீலித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோட்டத் தலைவர் பிரதேச சபைக்கு ஓடினார், பவுசரில் தண்ணீர் வந்தது, குவாரி வாசலில் சனம் கூடியது. இரண்டு வாரம் கழித்து வேறு ஒருவரை வைத்துக் கம்பனி அதே பீலியில் மாதிரி எடுத்தது, 0.45 மைக்ரோன் வடிகட்டியில் வடித்து. இரும்பு 0.1. நான் செய்தது என்னவென்றால், தண்ணீரில் மிதந்த செம்மண்ணை அமிலத்தில் கரைத்து, அந்த மண்ணின் இரும்பை அளந்திருக்கிறேன். மெனேஜர் அந்தத் தாளை லயத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார். பீலியடியில் குடத்தோடு நின்ற ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க சொன்னீங்கனுதானே நாங்க போய் நின்னோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஒன்றும் பேசாமல் நின்றேன்.

ஆகவே உலோகத்துக்கு இரண்டு போத்தல் எடுங்கள், ஒன்று அந்த இடத்திலேயே வடிகட்டி அமிலம் சேர்த்தது, மற்றது வடிகட்டாமல் அமிலம் சேர்த்தது. குடிக்கிற ஆள் மண்ணையும் சேர்த்துத்தான் குடிக்கிறார், அதனால் இரண்டாவதும் வேண்டும், ஆனால் எது எது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கலங்கல் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாக எடுங்கள், ஒவ்வொரு பயணத்திலும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிய ஒரு போத்தலையும் வேறு பெயரில் அனுப்புங்கள். அதில் ஏதாவது எண் வந்தால் பிழை உங்கள் போத்தலில், அல்லது ஆய்வுகூடத்தில். பதில் வந்ததும் நேர் மின்னேற்றமுள்ள அயன்களையும் எதிர் மின்னேற்றமுள்ள அயன்களையும் மின்னேற்றக் கணக்கில் (சமவலுவில்) கூட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஐந்து வீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், பத்தைத் தாண்டினால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்புங்கள். என்னுடைய ஒரு மாதத் தாளில் 22 வீத இடைவெளி இருந்தது, அதைக் கணக்குப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு சந்தேகமான எண்ணோடு லயத்துக்கு ஓடவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மறுநாளே திரும்ப எடுத்து, ஆய்வுகூடத்துக்கு அவசரக் கட்டணம் கொடுத்து, அதற்குள் 'கொதிக்க வைத்துக் குடியுங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்லலாம். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், கரைந்திருக்கிற நைத்திரேற்று போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரும்பில் பட்ட அடியால் நான் பயந்துபோனேன், அந்தப் பயத்தில்தான் இன்னும் பெரிய பிழைக்குள் போனேன். லயத்துச் சனம் எப்போதும் ஒன்று சொல்வார்கள்: வெடி வைத்த மறுநாள் பீலியில் தண்ணீர் பால் மாதிரி வருகிறது என்று. பீலி மலைக்கு அந்தப் பக்கம், குவாரி இந்தப் பக்கம், எப்படி வரும் என்று கம்பனி கேட்டது. நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்தேன். என் எண்களும் அதையே சொல்வது போல இருந்தன. மேலே ஒன்றாம் நம்பரில் நைத்திரேற்று 19 மில்லிகிராம், கீழே மூன்றாம் நம்பரில் வெறும் 5. அதாவது குவாரிக்கு மேலே கூடவும் கீழே குறைவாகவும் இருக்கிறது, ஆகவே குவாரியால் பாதிப்பில்லை, தேயிலைக்குப் போட்ட உரம்தான் காரணம் என்று அரையாண்டு அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பனிக்கு ரொம்பத் திருப்தி. அந்த பில் மட்டும் ஒரு வாரத்தில் வந்தது.

எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் தடையை எடுத்த பிறகும் விலை எட்ட முடியாத உயரம். அந்தத் தேயிலைக்கு யார் உரம் போட்டார்கள்? மண்ணில் தேங்கிய பழைய உரமும் மழையோடு இறங்கும் என்பதால் இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாதுதான். ஆனால் உரத்தால் வந்திருந்தால் பொட்டாசியமும் குளோரைட்டும் கூடவே ஏறியிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தோட்டத்துக்குப் போடுகிற கலவையில் பொட்டாஷ் உரம் (பொட்டாசியம் குளோரைட்டு) இருக்கும். இரண்டும் ஏறவில்லை. குவாரி வெடிமருந்தோ அமோனியம் நைத்திரேற்றில் டீசல் கலந்தது. ஈரமான துளையில் அது முழுவதும் எரியாது, மிஞ்சியது தண்ணீரில் கரையும். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்த ஒரு அண்ணனுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மூன்று கிணற்றுத் தண்ணீர் மட்டத்தையும் ஒரே அடிப்படையிலிருந்து அளந்திருக்கிறாயா?" இல்லை. குழாய் வாயிலிருந்து எத்தனை மீற்றர் கீழே என்பதை மட்டும் எழுதியிருந்தேன், குழாய் வாயின் உயரத்தைப் போன் ஜிபிஎஸ்ஸில் பார்த்திருந்தேன். உயரத்தை அது பல மீற்றர் பிழையாகக் காட்டும்.

45,000 ரூபாய் கொடுத்து ஒரு நில அளவையாளரைக் கூட்டிப் போனேன். அவர் ஒரு நாள் முழுக்க மட்டம் பிடித்தார். சாயங்காலம் தாளில் கணக்கைப் போட்டபோது வயிறு கலங்கிவிட்டது. ஒன்றாம் நம்பர் குழாயின் வாய் மூன்றாம் நம்பரை விட 31 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆனால் அதற்குள் தண்ணீர் 47 மீற்றர் கீழே, மூன்றாம் நம்பரில் 6 மீற்றர்தான். ஆக ஒன்றாம் நம்பரின் தண்ணீர் மூன்றாம் நம்பரின் தண்ணீரை விட 10 மீற்றர் தாழ்வு, குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீரை விடவும் 4 மீற்றர் தாழ்வு. தண்ணீர் மூன்றிலிருந்து குழிக்கும், குழியிலிருந்து ஒன்றுக்கும், அங்கிருந்து மலைக்கடியால் மறுபக்கத்துப் பீலிக்கும் போவதற்குத்தான் வழி இருக்கிறது. சலவைக்கல்லும் டொலமைட்டும் காலப்போக்கில் கரைந்து உள்ளே வெடிப்பும் பொந்துமாக இருக்கும், தண்ணீர் மேலே தெரிகிற மலையின் சரிவைப் பார்த்து ஓடாது, அந்த வெடிப்புகளைப் பார்த்து ஓடும். கோப்பில் இருந்த அம்புக்குறி தலைகீழ். நான் 'சுத்தமான கிணறு' என்று எழுதியதுதான் பாதிக்கப்பட்ட கிணறு. பீலி எல்லைக்கு வெளியே அல்ல, நேர் பாதையில். பிறகு பீலியைத் திரும்ப அளந்தேன், நைத்திரேற்று 12. இரண்டு கிலோமீற்றர் தள்ளியிருந்த காட்டு ஊற்றில் 2. எல்லாமே எஸ்எல்எஸ் எல்லையான 50க்குள்தான், அதனால் அன்றைக்குக் குடிக்கக் கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் குவாரியின் தண்ணீர் பீலிக்கு வருவதற்கான பாதை இருக்கிறது, நாளைக்கு டீசல் தொட்டி உடைந்தாலும் அதே வழியால்தான் வரும். எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது.

முதல் மாதிரி எடுப்பதற்கு முன்னால் மட்டம் பிடியுங்கள். என் மூன்று லட்சத்தில் இந்த 45,000 மட்டும் முதல் மாதம் செலவாகியிருந்தால் மிச்சம் போயிருக்காது. குழிக்குள் தேங்கிய தண்ணீரையும் மாதிரிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அடம்பிடியுங்கள். எனக்கு அந்த அனுமதி கடைசியில் ஒரே ஒரு தடவை கிடைத்தது: நைத்திரேற்று 64, அமோனியமும் இருந்தது, பொட்டாசியம் குறைவு, அதாவது உரத்தை விட வெடிமருந்தின் அடையாளம். தண்ணீரின் தரத்தோடு அளவையும் எழுதி வையுங்கள். உமா ஓயா சுரங்கப்பாதைக்குள் 2014 டிசம்பரில் தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தபோது பண்டாரவளைப் பக்கம் கிணறும் ஊற்றும் வற்றியது நமக்கெல்லாம் தெரியும். நம் ஊர் ஊற்றுக்கு நேற்று எவ்வளவு வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். பெரிய கருவி தேவையில்லை, பத்து லீற்றர் வாளியும் போனில் இருக்கிற கடிகாரமும் போதும். அந்தப் பீலியில் நான் முதலில் பார்த்தபோது வாளி நிரம்ப 22 விநாடி.

திருத்திய அறிக்கையைக் கம்பனிக்குக் கொடுத்தேன். முன் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டிருப்பதைக் காட்டி, எது பொய் என்று கேட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், அளவீடு எல்லாம் கம்பனிச் சொத்து, எழுத்து மூல அனுமதியில்லாமல் வெளியே காட்டக் கூடாது என்று இருந்தது. கையெழுத்துப் போடும்போது அந்த வரியை நான் படித்திருந்தேன், அது இப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று நினைக்கவில்லை. மீள்மாதிரிச் செலவு யாருடையது என்றும் எங்கும் எழுதவில்லை, ஆகவே என்னுடையது ஆனது. நவம்பரோடு ஒப்பந்தம் முடிந்தது. இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள்: சந்தேகமான மாதிரியைத் திரும்ப எடுக்க யார் காசு தருவது, குடிக்கிற சனத்துக்குத் தங்கள் தண்ணீரின் எண்ணைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறதா. இரண்டாவதற்கு மறுத்தால், என்னைக் கேட்டால், அந்த வேலையை விட்டுவிடுங்கள். அனுமதிப்பத்திரம் கொடுக்கிற புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் ஊர்ச் சனமே எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஊர்ச் சனம் தங்கள் பீலியிலிருந்து தாங்களே எடுத்த மாதிரியை எந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்தாது.

2023 ஜனவரியில் பீலியடிக்குப் போய் அந்தப் பெரியம்மாவிடம், "நீங்க சொன்னதுதான் சரி, மலைக்கு அடியால தண்ணி வருது. நான்தான் பிழையா எழுதிட்டேன்" என்று சொன்னேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அதத்தானே தம்பி நாங்க ஆரம்பத்துல இருந்து சொல்றோம்" என்றார். பிறகு உள்ளே போய்த் தன் பேத்தியைக் கூப்பிட்டார், ஏ.எல். விஞ்ஞானப் பிரிவில் படிக்கிற பிள்ளை. ஒரு மொனிட்டர் கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தேன்: திகதி, வெடிச்சத்தம் கேட்ட நேரம், மழை பெய்ததா, வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் என்ன நிறம், வாளி நிரம்ப எத்தனை விநாடி. அந்தப் பிள்ளை இன்னொரு கோடும் தானாகப் போட்டுக்கொண்டாள், யார் பார்த்தது என்று எழுத. மாதத்துக்கு ஒரு தடவை நான் மின்கடத்துதிறன் மீற்றரோடு போகிறேன், நைத்திரேற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆய்வுகூடத்துக்கு லயத்துப் பேரில் கொடுக்கிறோம், காசை வீட்டுக்கு இவ்வளவு என்று அவர்களே சேர்க்கிறார்கள். போன தடவை போனபோது கொப்பியில் பதினொரு வெடிச்சத்தம் பதிந்திருந்தது, அதில் எட்டுக்கு மறுநாள் 'பால் நிறம்' என்று எழுதியிருந்தது. வாளி நிரம்ப இப்போது 31 விநாடி.